ஓசையும் உரிப்பொருளும்: மெய்நிகர் ஒலிச்சூழல்வழி மனவழுத்த மீட்சியில் திணைக்கோட்பாட்டின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

மெய்நிகர்க் கருவிகளின் வழியே இயற்கை ஒலிகளைக் கேட்பித்து, மனவழுத்தத்திலிருந்து உடலும் உள்ளமும் மீள உதவும் முயற்சிகள் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களில் நிகழ்ந்துவருகின்றன. இம்முயற்சிகள் பலவும் ‘இயற்கை ஒலி இனிது’ என்பதைப் பொதுவிதியாகக் கொள்கின்றன. ஒலியின் பயன் அதன் அலையமைப்பில் மட்டும் இல்லை, கேட்பவர் அதற்கு ஏற்றும் பொருளிலும் உள்ளது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் சிலவே உணர்த்தத் தொடங்கியுள்ளன. நிலம், பொழுது, கருப்பொருள், உரிப்பொருள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து எண்ணும் தமிழ்த் திணைக்கோட்பாடு இவ்விடத்தில் பயன்படக்கூடும் என்பதையும், அதனை ஒலிப் பட்டியலாகச் சுருக்குவதால் நேரும் பிழைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் நடப்பு, ஒலிச்சூழல், மனவழுத்த மீட்சி, திணை, கருப்பொருள், முல்லைப்பாட்டு

முன்னுரை

‘ஒலிச்சூழல்’ என்னும் கருத்தாக்கத்தைப் பரவலாக்கியவர் கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர். சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய உலக ஒலிச்சூழல் திட்டமும், 1977இல் வெளிவந்த அவரது நூலும் ஓர் ஊரின் ஒலிகளை அவ்வூரின் நிலத்தோற்றத்தைப் போலவே ஆராயத்தக்க பொருளாக்கின. எப்போதும் பின்னணியில் ஒலித்துக்கொண்டிருக்கும் அடிநாத ஒலி, கவனத்தை ஈர்க்கும் அறிவிப்பு ஒலி, ஓர் இடத்திற்கே உரிய அடையாள ஒலி என அவர் செய்த பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது. பன்னாட்டுத் தர அமைப்பு 2014இல் வெளியிட்ட வரையறை இன்னும் ஒரு படி முன்செல்கிறது. ஒலிச்சூழல் என்பது காற்றில் பரவும் ஒலிகளின் தொகுப்பு மட்டுமன்று. ஒரு பின்புலத்தில் வைத்து மனிதர் அவ்வொலிகளை உணர்ந்தும் நுகர்ந்தும் விளங்கியும் கொள்ளும் நிலையே ஒலிச்சூழல் என்கிறது அவ்வரையறை.

‘பின்புலத்தில் வைத்து’ என்னும் அடைமொழி வரையறையில் இடம்பெற்றுவிட்டது. ஆனால், மனவழுத்தம் நீக்கும் நோக்கில் உருவாக்கப்படும் மெய்நிகர் ஒலிச்சூழல்களில் அது பெரும்பாலும் இடம்பெறவில்லை. தலையணிக் கருவியை அணிந்தவர் கேட்பது பொதுவான காடு, பொதுவான ஓடை, பொதுவான பறவை. யாருடைய காடு, எப்பொழுதின் ஓடை என்னும் வினாக்கள் எழுவதில்லை. தமிழ்ப் பொருளிலக்கணம் பழகிய ஒருவருக்கு இவை முதலில் எழும் வினாக்களாகும்.

ஆய்வுகள் காட்டுவன

இயற்கைக்கும் நோய்நீக்கத்திற்கும் உள்ள தொடர்பை அளவிட்டுக் காட்டியவற்றுள் பெரிதும் எடுத்தாளப்படுவது ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு. பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், சன்னல்வழி மரங்களைக் கண்டவர்கள் செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்பதும், வலி நீக்கும் வலுவான மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன என்பதும் அதன் முடிவு. அங்கே பேசப்பட்டது காட்சி மட்டுமே. 1991இல் உல்ரிக்கும் பிறரும் 120 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில், அழுத்தம் தரும் படம் ஒன்றைக் கண்டவர்களுக்கு இயற்கையிடங்களின், நகரிடங்களின் ஒளிப்பதிவுகள் காட்டப்பட்டன. இதயத்துடிப்பு, தசை இறுக்கம், தோலின் மின்கடத்துதிறன் முதலியன இயற்கைப் பதிவுகளைக் கண்டவர்களிடம் விரைந்து சீரடைந்தன. அப்பதிவுகளில் காட்சியும் ஒலியும் ஒன்றாகவே இருந்தமையால் பயன் எதனால் விளைந்தது என்று பிரித்தறிய இயலவில்லை.

அப்பிரிப்பைச் செய்ய முனைந்தது, சுவீடனில் ஆல்வார்சன், வீன்ஸ், நில்சன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு. மனக்கணக்குப் போடச் சொல்லி அழுத்தத்திற்கு ஆளாக்கப்பட்ட 40 பேருக்குக் காட்சி ஏதுமின்றி ஒலி மட்டும் கேட்பிக்கப்பட்டது. நீரூற்றும் பறவைக்குரலும் கலந்த ஒலியைக் கேட்டபோது, போக்குவரத்து இரைச்சலைக் கேட்டபோது இருந்ததைவிடத் தோலின் மின்கடத்துதிறன் விரைந்து தணிந்தது. இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கத்தில் அத்தகைய தெளிவான வேறுபாடு தென்படவில்லை. இச்செய்தியை மேற்கோள் காட்டுவோர் பின்பாதியை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. 2021இல் ரேச்சல் பக்ஸ்டனும் பிறரும் இயற்கை ஒலியின் பயன் குறித்த 36 வெளியீடுகளைத் திரட்டி, அவற்றுள் 18இன் தரவுகளை ஒருங்கிணைத்து ஆராய்ந்தனர். நீரொலி நல்லுணர்வையும் உடல்நலக் கூறுகளையும் மேம்படுத்துவதிலும், பறவையொலி அழுத்தத்தையும் எரிச்சலையும் தணிப்பதிலும் முன்னிற்பதாக அவர்கள் கண்டனர்.

மெய்நிகர்க் கருவி இவ்வாய்வுகளுக்குச் சேர்த்தது திசையை. மனிதச் செவிகள் இரண்டுக்கும் ஓர் ஒலி வந்துசேரும் நேரம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவாகவே வேறுபடும். அந்நுண்ணிய வேறுபாட்டையும், புறச்செவியின் மடிப்புகளில் பட்டு ஒலி அடையும் மாற்றத்தையும் கொண்டே மூளை ‘வலப்பக்கத்து மரத்தில், சற்று மேலே’ என்று முடிவு செய்கிறது. நான்கு தடங்களில் முழுக் கோளமாக ஒலியைப் பதியும் ஆம்பிசானிக்ஸ் முறையும், தலையின் அசைவை நொடிதோறும் அறியும் கருவியும் இணையும்போது, கேட்பவர் திரும்பினாலும் குயில் தன் மரத்திலேயே இருக்கும். காதொலிக்கருவியில் பாட்டுக் கேட்பதற்கும் மெய்நிகர் ஒலிச்சூழலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இது. முன்னதில் ஒலி கேட்பவரோடு நகர்கிறது. பின்னதில் கேட்பவர் ஒலிக்குள் நகர்கிறார். நிலம் என்னும் முதற்பொருள் கருவிக்குள் வந்துசேர்வது இங்கேதான்.

ஒலியற்ற காடு

சுவீடனின் லுண்ட் நகரில் மட்டில்டா ஆனர்ஸ்டெட்டும் பிறரும் நிகழ்த்தி 2013இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வு இத்துறையில் தனித்துக் கருதத்தக்கது. முப்பது பேர் மெய்நிகர் முறையிலேயே அமைந்த அழுத்தச் சோதனை ஒன்றுக்கு ஆட்படுத்தப்பட்டனர். நடுவர் முன் பேசுதலும் கணக்கிடுதலும் அச்சோதனையின் கூறுகள். அதன்பின் ஒரு குழுவினர் ஒலியோடு கூடிய மெய்நிகர்க் காட்டிலும், மற்றொரு குழுவினர் அதே காட்டில் ஒலியின்றியும் இருத்தப்பட்டனர். மூன்றாம் குழுவினர் காடு ஏதும் காணவில்லை. உடலை ஓய்வுநிலைக்குக் கொண்டுவரும் துணைப்பரிவு நரம்பு மண்டலத்தின் செயல், ஒலியோடு காட்டில் இருந்தவர்களிடமே மிகுந்தது. ஒலியற்ற காட்டில் இருந்தவர்களிடம் அத்தகைய மீட்சி காணப்படவில்லை.

குழுவிற்குப் பத்துப் பேர் என்பது சிறிய எண். ஆய்வாளரும் இதனை முன்னோட்டம் என்றே குறித்தனர். எனினும் முடிவு சிந்திக்கத்தக்கது. மரங்கள் உள்ளன, ஒளி உள்ளது; பறவை இல்லை, காற்றின் அசைவொலி இல்லை. அத்தகைய காடு அமைதியான காடு ஆவதில்லை. ஏதோ நிகழப்போகும் காடாகவே அது உணரப்படக்கூடும். ஒலியின்மையும் ஓய்வும் ஒன்றல்ல என்பதைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையின் ஆறாம் பாட்டில் பதுமனார் படைத்த தலைவிக்கு, உலகெல்லாம் ஒலியடங்கி உறங்கும் நடுயாமமே பெருந்துன்பம். அத்தொகையின் 138ஆம் பாட்டில் கொல்லன் அழிசியின் தலைவியும் தோழியும் ஊர் உறங்கிய பின்னும் உறங்காது, நொச்சிப் பூக்கள் உதிரும் ஓசையைக்கூடக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். பதற்றம் செவியைக் கூர்மையாக்கும். பேரமைதியில் அக்கூர்மை மிகும். மனவழுத்தத்தில் இருப்பவரை ஒலிபுகா அறையில் அமர்த்துவது அவருக்கு ஓய்வளிக்கும் என்று எண்ணும் வடிவமைப்பாளர் இவ்விரு பாட்டுகளையும் ஒருமுறை படிப்பது நன்று.

ஒரே ஒலி, வேறு பெயர்

இயற்கை ஒலியின் பயன் எங்கிருந்து வருகிறது? மனித இனம் நெடுங்காலம் இயற்கையில் வாழ்ந்தமையால் அது உடலிலேயே ஊறிய எதிர்வினை என்பது உல்ரிக் மரபினரின் விடை. களைத்த கவனத்திற்கு முயற்சியற்ற ஈர்ப்பைத் தந்து இயற்கை ஓய்வளிக்கிறது என்பது 1989இல் ரேச்சல், ஸ்டீபன் கப்லான் இணையர் விரித்துரைத்த விடை. இரண்டுமே கேட்பவரின் மொழியையும் ஊரையும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

இவ்விடைகளுக்கு அறைகூவலாக அமைந்தது ஆண்ட்ரியாஸ் ஹாகாவும் பிறரும் 2016இல் வெளியிட்ட சுவீடன் ஆய்வு. மனத்தைக் களைப்புறச் செய்யும் பணிகளின் இடைவேளையில், பங்கேற்றோர் அனைவருக்கும் ஒரே இரைச்சலொலி கேட்பிக்கப்பட்டது. கருவியால் உருவாக்கப்பட்ட, இன்னதென்று அறிய இயலாத ஒலி அது. ஒரு குழுவினரிடம் அஃது அருவியொலி என்று கூறப்பட்டது. மற்றொரு குழுவினரிடம் தொழிற்கூட இயந்திரங்களின் ஒலி என்று கூறப்பட்டது. மூன்றாம் குழுவினரிடம் எதுவும் கூறப்படவில்லை. அருவி என்று நம்பியவர்கள், இயந்திரம் என்று நம்பியவர்களைவிட மனக்களைப்பு நீங்கியதாக உணர்ந்தனர். செவிப்பறையைத் தொட்ட அலை ஒன்றே. பெயர் மாறியபோது பயன் மாறியது.

பிரித்தானியாவில் எலினார் ராட்கிளிஃபும் பிறரும் 2013இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வும் இதே திசையைச் சுட்டுகிறது. இயற்கை ஒலிகளுள் மன அமைதியோடு மிகுதியும் தொடர்புபடுத்தப்பட்டது பறவையொலியே என்றாலும், எல்லாப் பறவையொலிகளும் அவ்வாறு கருதப்படவில்லை. கேட்பவரின் நினைவும் அவர் கற்பித்துக்கொள்ளும் தொடர்பும் அவ்வேறுபாட்டிற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன. கரகரத்த கடுங்குரல்களை இனிமையற்றவை என்று ஒதுக்குவது வடிவமைப்பாளருக்கு எளிது. அந்த அளவுகோலின்படி காக்கைக்கு மெய்நிகர்க் காட்டில் இடமிராது. ஆனால், குறுந்தொகை 210இல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் தோழி, தலைவன் பிரிவால் மெலிந்த தலைவிக்கு விருந்து வரும் எனக் கரைந்த காக்கைக்கு எத்துணைப் பெரிய பலியிட்டாலும் சிறிது என்கிறாள். தலைவியை ஆற்றியிருக்கச் செய்த ஒலி அது. விருந்தை அறிவிக்கும் குரலாகக் காக்கையைக் கேட்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் இன்றும் மறையவில்லை.

கருப்பொருளுள் ஒலி

தொல்காப்பியர் எண்ணிக் காட்டும் கருப்பொருள்கள் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழின் பகுதி என்னும் எட்டு. அவை போல்வன பிறவும் சேரும் என்பது அவர் தரும் இசைவு. இவ்வெட்டனுள் பறையும் யாழும் ஒலிக்கென்றே உள்ளவை. புள்ளும் மாவும் ஒலியெழுப்புவன. செய்தியாகிய தொழிலும் ஓசையின்றி நிகழ்வதில்லை. ஒரு நிலத்தை அடையாளங்காண ஒலியை இத்துணை முதன்மையாகக் கொண்ட இலக்கண மரபு இது.

எந்நிலத்திற்கு எப்பறை என்னும் விரிவு தொல்காப்பிய நூற்பாவில் இல்லை. அது உரையாசிரியர்களாலும் நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கத்தாலும் நிரப்பப்பட்டது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்றமையும் பட்டியல் நாம் எல்லோரும் பள்ளியில் பயின்றதே. கணினித் துறையினர் சங்க இலக்கியத்தை அணுகும்போது முதலில் கைக்கொள்வதும் இப்பட்டியலையே. ஐந்து கோப்புறைகள், ஒவ்வொன்றிலும் சில ஒலிக்கோப்புகள், வேலை முடிந்தது. திணையின் உயிர் போவதும் இங்கேதான். ஏறுகோட்பறை ஏறு தழுவும் களத்தின் பறை. அதனை மாலை நேரத்து அமைதிக்காகப் பின்னணியில் ஒலிக்கவிடுவது முல்லைத்திணை ஆகாது.

திணைக்கோட்பாட்டில் கருப்பொருள் தனித்து இயங்குவதில்லை. நிலமும் பொழுதும் அதற்கு இடந்தருகின்றன. உரிப்பொருள் அதற்குப் பொருள் தருகிறது. உரிப்பொருள் ஒழிந்த பிற தம்முள் மயங்கவும் பெறும் என்பது தொல்காப்பியர் விதி. மருதத்து நாரை நெய்தலில் நிற்கலாம்; குறிஞ்சிப் பறவை வேற்றுநிலத்தில் கூவலாம். உணர்வோ அவ்வாறு இடம்பெயர்வதில்லை. ஒலிக்கோப்பு எங்கும் செல்லும் பொருள். அது கேட்பவரிடம் என்ன செய்யும் என்பதை முடிவு செய்வது வேறொன்று என்னும் தெளிவு இவ்விதியில் உள்ளது. ஹாகா குழுவினர் இரைச்சலொலியைக் கொண்டு கண்டறிந்ததும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. ஒப்புமை என்பதற்கு மேல் இங்கு எதுவும் கூறப்படவில்லை. இலக்கண ஆசிரியர் ஆய்வுக்கூடம் நடத்தவில்லை.

முல்லைப்பாட்டில் கேட்டல்

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. மனவழுத்தம், ஆற்றுதல், ஒலி என்னும் மூன்றையும் அது வைத்துள்ள முறை கூர்ந்து காணத்தக்கது. தலைவன் பாசறையில் உள்ளான், கார்காலம் வந்துவிட்டது. பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாயைப் பிரிந்து வருந்தும் கன்றிடம், தாயர் இப்போதே வந்துவிடுவர் என்று கூறும் இடைமகளின் சொல் அவர்கள் காதில் விழுகிறது. தனக்கெனக் கூறப்படாத ஒரு சொல்லைத் தனக்கு நற்சொல்லாகக் கேட்கும் வழக்கம் விரிச்சி. தற்செயலாக எழுந்த ஒலிக்குப் பின்புலம் பொருள் தருவதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்பது அரிது.

தலைவி அச்சொல்லால் ஆறவில்லை. புலவர் அவளுடைய உடற்குறிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார்: கண்ணீர் துளிக்கிறது, நெடிது நினைந்து தன்னைத் தானே தேற்றுகிறாள், கழலும் வளையைத் திருத்துகிறாள், மயங்குகிறாள், பெருமூச்செறிகிறாள், அம்பு தைத்த மயில்போல் நடுங்குகிறாள். இன்றைய ஆய்வுக்கூடம் மின்முனைகளால் அளக்க விரும்பும் நிலை இதுவே. அதன்பின்னரே அவள் கேட்கத் தொடங்குகிறாள். எழுநிலை மாடத்தின் இறப்பிலிருந்து அருவிபோல் வீழும் மழைநீரின் இனிய பல்லோசையைச் செவிமடுத்தவளாய்க் கிடக்கிறாள். ஷேஃபர் கூறும் அடிநாத ஒலிக்கு ஒப்பானது இந்நீரொலி. இதன் மேல், கொம்பும் சங்கும் முழங்க மீளும் படையின் தேர்க்குதிரைகளின் ஆரவாரம் அவள் செவி நிறைய ஒலிக்கிறது. இது அறிவிப்பு ஒலி.

நீரொலி அவள் நோயைத் தீர்க்கவில்லை. தீர்த்தது வருகையை அறிவித்த ஒலி. ஆயினும், அவ்வொலி வந்து சேரும் வரை அவள் நடுக்கத்திலேயே கிடக்காமல் செவிமடுத்துக் கிடக்க நீரொலி இடந்தந்தது. அம்மழை பொதுவான மழையுமன்று. தலைவன் வருவதாகச் சொன்ன பருவத்தின் மழை. ஆகவே துன்பத்தைத் தூண்டுவதும் அதுவே, நம்பிக்கையைத் தாங்குவதும் அதுவே. ‘மழையொலி மனவழுத்தத்தைக் குறைக்கும்’ என்னும் ஒற்றை வரிக் கூற்றில் இவ்விரட்டைத்தன்மைக்கு இடமில்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். ஆற்றியிருத்தல் என்பதே அதன் விளக்கம். அழுத்தம் நீங்கிய நிலையை அச்சொல் குறிக்கவில்லை. அழுத்தத்தோடு தாங்கி நிற்கும் நிலையைக் குறிக்கிறது. மீட்சியை ஐந்து நிமிட வரைபடத்தில் இறங்கும் கோடாக மட்டும் காணும் துறைக்கு இது பயனுள்ள ஒரு சொல்.

யாருக்கு ஆகாத ஒலி

கடலலையின் ஒலி உலகெங்கும் விற்பனையாகும் ஓய்வொலிகளுள் ஒன்று. மெய்நிகர்க் கடற்கரை, தலையணிக் கருவிகளில் தவறாது இடம்பெறும் காட்சி. தமிழ் மரபிலோ நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். குறுந்தொகை 163இல் அம்மூவனாரின் தலைவி, நள்ளிரவிலும் ஒலிக்கும் கடலை நோக்கி, யாரால் நீ வருத்தமுற்றாய் என்று வினவுகிறாள். அலையோசை அவளுக்குத் தாலாட்டாக இல்லை. தன்னோடு சேர்ந்து அழும் குரலாக உள்ளது. துயருற்றவருக்கு உடனழும் குரலும் துணையே என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், அது ஓய்வுக்கான ஒலி என்னும் விளம்பரத்திலிருந்து வெகுதொலைவில் உள்ளது.

இலக்கியத்தை விட்டுக் கரைக்கு வந்தால் வினா மேலும் கடுமையாகிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் தமிழகத்தில் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது நாகப்பட்டினம் மாவட்டம். இலங்கையின் முல்லைத்தீவுக் கடற்கரை அவ்வலையையும் கண்டது; 2009இல் போரின் இறுதி நாள்களையும் கண்டது. அக்கரைகளில் உறவுகளை இழந்த ஒருவரின் கண்ணைத் தலையணிக் கருவியால் மூடி, எத்திசையிலிருந்தும் அலையொலி எழச் செய்வது மருத்துவம் ஆகாது. மெய்நிகர்க் கருவியின் ஆற்றலே இங்கு அதன் இடர். வானொலியை அணைத்துவிட்டு எழுந்து செல்லலாம். தலையணிக் கருவியில் தப்பிக்கும் திசை தெரிவதில்லை.

பறையின் நிலையும் இத்தகையதே. திணைதோறும் ஒரு பறை எனக் கருப்பொருளாக நின்ற அக்கருவி, பிற்காலத்தில் ஒரு சமூகத்தாரின் மேல் சாவுக்கடமையாகச் சுமத்தப்பட்டது. இன்று அதே பறை விடுதலைக்கலையாகவும் மேடையேறுகிறது. ஒருவருக்குச் சாவுவீட்டின் ஒலி, ஒருவருக்கு இழிவின் நினைவு, ஒருவருக்குத் தலைநிமிர்வின் முழக்கம். கேட்பவர் யாரென்று அறியாமல் ‘மரபொலி’ என்னும் பெயரில் பறையை நலவாழ்வுச் செயலியில் சேர்ப்பவர் இம்மூன்றில் எதனைத் தொடுகிறார் என்பதை அறியார்.

பெருமிதமும் சான்றும்

இசையால் நோய் நீக்கலைச் சங்கத் தமிழர் அறிந்திருந்தனர் என்று நிறுவ வழக்கமாக எடுத்தாளப்படும் இடங்கள் சில உள. கொடிச்சி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டுத் தினைப்புனத்து யானை உறங்கியதாகக் கூறும் அகநானூறு 102. பாலை யாழிசை கேட்டு ஆறலைகள்வர் படைக்கலத்தை நழுவவிட்டதாகக் கூறும் பொருநராற்றுப்படை. புண்பட்ட வீரனைச் சூழ்ந்து யாழும் பல இயங்களும் ஒலிக்க, மணி எறிந்து, காஞ்சி பாடி, ஐயவி தூவி, வேப்பிலை செருகி, நறும்புகை எழுப்பியதைக் காட்டும் அரிசில் கிழாரின் புறநானூறு 281. இவை ஒலியின் ஆற்றல் குறித்த நம்பிக்கைகளுக்குச் சான்றுகள். விளைவின் அளவீடுகள் அல்ல. புறநானூற்றுச் செயலின் நோக்கமும் பேய் முதலியன அணுகாமல் காத்தல். அதனை இன்றைய ‘இசைமருத்துவம்’ என்னும் சொல்லால் மூடிவிட்டால், ஒலி, மணம், தழை, மனிதர் எல்லாம் சேர்ந்து புண்பட்டவனைச் சுற்றி எழுப்பிய அச்சூழலின் தனித்தன்மை மறைந்துபோகும். மெய்நிகர் ஆய்வாளருக்கு அந்த முழுமையே பாடமாகக் கூடியது.

மலைபடுகடாம் இன்னொரு வகையில் உதவும். மலையில் எழும் பல்வகை ஒலிகளையும் யானையின் மதமாக உருவகித்து, அதனாலேயே பெயர்பெற்ற பாட்டு அது. பெருங்கௌசிகனார் அங்கே அடுக்கும் ஒலிகளுள் அருவியோசை உண்டு. அத்துடன் முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகை, புலி பாய்ந்த கணவர் மார்பின் புண் தணியக் கொடிச்சியர் பாடும் பாட்டு, தேன் எடுத்த குறவரின் ஆரவாரம், கிளியோட்டும் மகளிரின் பூசல், கரும்பாலையின் ஓசை, குற்றுபவரின் வள்ளைப்பாட்டு, பன்றியை விரட்டும் பறை யாவும் உண்டு. மனிதரை நீக்கிய தூய இயற்கை அங்கு இல்லை. இன்றைய இயற்கை ஒலிப்பதிவாளர் மனிதக் குரல் கேட்டவுடன் பதிவை நிறுத்திவிடுகிறார். வேலைசெய்யும் மனிதரின் ஒலி தமிழ்க் கேட்பவருக்கு இயற்கையைக் கெடுக்கிறதா, நிறைவு செய்கிறதா என்பது சோதித்தறிய வேண்டிய வினா.

சோதனைக்கு ஒரு வடிவம்

அருவி, மழை, அலை ஆகிய மூன்றின் ஒலிகளும் பரந்த அலைவரிசையில் அமைந்த இரைச்சல்களே. தொலைவிலிருந்து, காட்சியின்றிக் கேட்கும்போது அவற்றை ஒன்றாக மயங்குவது எளிது. இம்மயக்கத்தைப் பயன்படுத்தி ஹாகா குழுவினரின் முறையைத் தமிழ்ச் சூழலுக்கு விரிக்கலாம். ஒரே நீரொலியைக் குறிஞ்சியின் அருவி, முல்லையின் கார்மழை, நெய்தலின் அலை என மூன்று பெயர்களோடும், பெயரின்றி நான்காவதாகவும் கேட்பிக்க வேண்டும். பெயரை மட்டும் கூறும் நிலை ஒன்றும், நிலமும் பொழுதும் நிகழ்வும் அடங்கிய சிறு விளக்கத்தைக் கூறும் நிலை ஒன்றும் தனித்தனியே அமைய வேண்டும். பங்கேற்போருள் சங்க இலக்கியம் பயின்றோரும் பயிலாதோரும், கடற்கரை ஊரினரும் உள்நாட்டு ஊரினரும் இருத்தல் வேண்டும். தோலின் மின்கடத்துதிறன், இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றோடு, கேட்டபோது நினைவில் எழுந்தது என்ன என்பதைப் பங்கேற்றவர் தம் சொற்களிலேயே கூறும் பதிவும் தேவை. அப்பதிவைப் பகுத்தாராய்வது உளவியலாரைவிடத் தமிழ்த்துறையினருக்கே இயல்பாக வரும் பணி.

அலைப்பெயர் தாங்கிய குழு மீட்சியில் பின்தங்குமானால், திணைமரபின் உணர்வுத்தொடர்பு இன்றும் செவியில் உயிர்ப்புடன் உள்ளது என்று கொள்ள ஒரு சான்று கிடைக்கும். அது பயின்றோரிடம் மட்டும் காணப்பட்டால், அது பாடநூல் தந்த தொடர்பு. கடற்கரை ஊரினரிடம் மட்டும் காணப்பட்டால், வாழ்வு தந்த தொடர்பு. நான்கு குழுக்களிடையே வேறுபாடே இல்லையென்றால், உல்ரிக் மரபினரின் விடை வலுப்பெறும். திணையை ஒலிச்சூழல் வடிவமைப்பில் பொருத்தும் முயற்சி இலக்கிய அழகியலோடு நின்றுவிடும். அம்முடிவையும் ஏற்கும் வகையிலேயே சோதனை அமைய வேண்டும்.

தலையணிக் கருவியால் சிலருக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் நேர்வதால், முதற்கட்டத்தை ஒலி மட்டும் கொண்டு நடத்திக் காட்சியைப் பின்னர்ச் சேர்ப்பது நன்று. அலையொலிக் குழுவில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கடலோடு அவருக்குள்ள உறவைக் கேட்டறிய வேண்டும்; விலக விரும்புவோர் காரணம் கூறாமலே விலகலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். கருவியைத் தாமே கழற்றும் முறையை, ஒலி தொடங்குவதற்கு முன் அவர்கள் ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும்.